யாரிடமும் படிக்காதவர்

யாரிடமும் படிக்காதவர் என்று ஓர் இனம் உண்டு. அவசரப்பட்டு இவரைப் படிக்காதவர் என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணியது அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கு நீங்கள் நேரத்தோடு வீடு போய்ச் சேர மாட்டீர்கள். எல்லாம் படித்தவர்தான். யாரிடமும் படிக்கவில்லை, அவ்வளவுதான். சைக்கிள் விடக் கற்றது தானாக, நீச்சல் தானாக, இங்கிலீஷ் தானாக, கம்ப்யூட்டர் தானாக. பேசக் கற்றதுகூடத் தானாகத்தான் என்பார். அவருடைய அம்மாவைக் கேட்டால்தான் வேறு மாதிரி சொல்வார். இந்த இனம் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும் என்றாலும், முகநூல் வந்த பிறகுதான் கொழுத்தது. நேரில் நாலு பேர் முன்னால் அளந்துவிட்டால், நாலில் ஒருவனாவது நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உதை வாங்கியவனாக இருந்து தொலைப்பான். முகநூலில் அந்தத் தொல்லை இல்லை. இல்லை என்றுதான் செங்குட்டுவனும் நம்பிக்கொண்டிருந்தார்.

செங்குட்டுவனுக்குச் சொந்த ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம். வேலை நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில், கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் பிரிவு, பர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் ஒரு பலா மரம், உள்ளே சங்கீதா என்ற மனைவி. ஆனால் இதெல்லாம் வெளியுலகத்துக்கான விவரம். அவருடைய நிஜமான வாழ்க்கை ‘நெய்வேலி கணினி நண்பர்கள்’ என்ற முகநூல் குழுவில் நடந்தது. யாருக்காவது தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறதா, யாருக்காவது எக்செல்லில் கூட்டல் தப்பாக வருகிறதா, யாருடைய போனாவது சூடாகிறதா, செங்குட்டுவன் அங்கே நிற்பார். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு முன்னுரை சொல்வார். “இது எந்தக் கிளாசுலயும் சொல்லித்தர மாட்டாங்க நண்பரே.” பதில் சொன்ன பிறகு ஒரு முடிவுரையும் உண்டு. “நான் யார்கிட்டயும் போயி கத்துக்கல. நானா நோண்டிக்கினே கத்துக்கினதுதான்.” நடுவில் பதில் இருக்கும். சில சமயம் சரியாகக்கூட இருக்கும்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். புதிதாகச் சேருகிறவர் பெயர், பிளாக், ஷிப்ட், படிப்பு நான்கையும் எழுதி வணக்கம் சொல்ல வேண்டும். டவுன்ஷிப்பில் பெயரை மட்டும் சொல்கிறவர் பாதி ஆள். பிளாக் நம்பரையும் சொன்னால்தான் முழு ஆள் என்பதால் முதல் மூன்றில் யாருக்கும் சிக்கல் வந்ததில்லை. நான்காவதுதான் கவிதை. ஒருவர் ‘அனுபவம்’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘வாழ்க்கை’. குழுவைத் தொடங்கியவரும் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருமான அட்மின் வைத்திலிங்கம் ‘தேடல்’ என்று எழுதியிருந்தார். செங்குட்டுவன் எழுதியது ‘குரு இல்லை’. அதற்கு விழுந்த லைக்குகளை அவர் இன்னும் சங்கீதாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சபைக்குள் எழில்மதி என்ற பெண், பாவம், விவரம் தெரியாமல் ‘எம்.சி.ஏ.’ என்று எழுதிவிட்டாள். அவ்வளவுதான். “பட்டம் வேற, அறிவு வேற தங்கச்சி,” என்றார் ஒருவர். “மனப்பாடம் பண்ணி வாங்குறதுதானே,” என்றார் இன்னொருவர். செங்குட்டுவன் மட்டும் பெருந்தன்மையோடு, “பரவால்ல, படிச்சவங்களும் முயற்சி பண்ணா கத்துக்கலாம்,” என்று ஆறுதல் சொன்னார். மறுநாள் பார்த்தால் எம்.சி.ஏ. காணாமல் போய், அந்த இடத்தில் ‘ஆர்வம்’ என்று இருந்தது. குழு அவளை மன்னித்து ஏற்றுக்கொண்டது.

சரி, செங்குட்டுவன் நிஜமாகவே தானாகத்தான் கற்றாரா? கேட்க வேண்டிய கேள்விதான்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய பிரிவில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதைத் தொடத் தெரியாதவர்கள் இனி ஆபீஸ் அறையில் உட்கார முடியாது, புழுதியில் பெல்ட் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று ஒரு வதந்தியும் கூடவே இறங்கியது. செங்குட்டுவன் அன்றைக்கே முதல் ஷிப்ட் முடிந்த கையோடு, டிபன் கேரியரும் கையுமாக, யார் கண்ணிலும் படாமல் பஜாரில் ஒரு தையல் கடையின் மாடிக்கு ஏறினார். அங்கே சந்திரகலா டீச்சர் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார். கன்வேயரில் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் பெல்ட் நகரும், விரலை எடுத்தால் நின்றுவிடும் என்று பழகிய மனிதர் கீபோர்டிலும் அப்படியே ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரை முழுக்க ‘க’ ஓடியது.

“தொட்டுட்டு விட்டுடுங்க. அதுவா நகரும்,” என்றார் டீச்சர்.

“கைய எடுத்தா நின்னுடாதுங்களா?”

“நிக்காது. என்னை நம்புங்க.”

அந்த நம்பிக்கையில்தான் அவர் கற்றார். மாடிக்குக் கீழே தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சொருகும்போதெல்லாம் மேலே ஃபியூஸ் போகும். ஊருக்கெல்லாம் கரண்ட் செய்து அனுப்புகிற ஊரில் சந்திரகலா டீச்சரின் வகுப்பு மட்டும் இருட்டில் உட்கார்ந்திருக்கும். பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டும். அடுத்த நொடி எல்லாம் அணைந்துவிடும். அந்த ஒரு சிமிட்டுக்குள் செய்ததைக் காப்பாற்றியாக வேண்டும். அதற்காக டீச்சர் எல்லோருக்கும் ஒரு பாடம் சொல்லிவைத்திருந்தார். இடது கைச் சுண்டுவிரல் கன்ட்ரோல் மேல், மோதிர விரல் எஸ் மேல். “முதல்ல சேவ், அப்புறம்தான் பேச்சு.” விளக்கு சிமிட்டினால் அறை முழுக்க இடது கைகள் ஒரே நேரத்தில் டப்பென்று விழும். வெளிச்சம் திரும்பி வந்ததும் டீச்சர் கேட்பார், “யாரு யாருங்க சேவ் பண்ணீங்க?” கைகள் உயரும்.

இதெல்லாம் செங்குட்டுவனுக்கு மறந்துபோயிருந்தது. மறந்தது என்றால், நினைக்காமல் இருப்பதில் நல்ல பயிற்சி வந்திருந்தது. ‘முதல்ல சேவ், அப்புறம்தான் பேச்சு’ என்ற வாசகம் மட்டும் குழுவின் முகப்புப் படத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. கீழே, ‘வைத்திலிங்கம், அட்மின்’. அது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று செங்குட்டுவனுக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அதைக் கிளறினால் தான் மாடிப்படி ஏறிய கதை வெளியே வந்துவிடும் என்பதால் லைக் போட்டுவிட்டு இருந்தார்.

இந்த நிலையில் குழு ஒரு நேரடிச் சந்திப்புக்கு நாள் குறித்தது. ‘குரு இல்லாமல் கற்ற கதை’ என்ற தலைப்பில் செங்குட்டுவன் பேசுவார், பேசி முடித்ததும் அவர் இன்னோர் அட்மினாக அறிவிக்கப்படுவார் என்று வைத்திலிங்கம் எழுதினார். செங்குட்டுவன் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டதில்லை. புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார், வேறு தையல்காரரிடம்தான்.

சட்டை வருவதற்குள் சந்திரகலா டீச்சர் வந்துவிட்டார். குழுவுக்குள்தான். பெயர், பிளாக் எல்லாம் முறையாக எழுதி, ஷிப்ட் என்ற இடத்தில் ‘எல்லா ஷிப்ட்டும்’ என்று போட்டு, படிப்புக்கு நேராகக் கல்லூரிப் பெயர், ஊர் உட்பட முழுசாக எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘தெரிந்த முகங்களைப் பார்ப்பதில் மிகுந்த மகிழ்ச்சி.’

குழு அடங்கிப்போனது. காலை வணக்கத்துக்கே நூறு பதில் போடுகிறவர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஒரு லைக் இல்லை. எழில்மதி மட்டும் ‘வருக மேடம்’ என்று எழுதியிருந்தாள். தன் ஒருவனுக்காகத்தான் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று செங்குட்டுவன் நினைத்தார்.

“உனக்குச் சொல்லிக்குடுத்தவங்கதானே? ஒரு வணக்கம் போட்டா என்னா கொறஞ்சிடும்?” என்றாள் சங்கீதா.

“ஒனக்குத் தெரியாது, சும்மா இரு. குரு இல்லைன்னு எழுதிப்புட்டு இப்ப போயி குருவுக்கு வணக்கம் போடச் சொல்றியா?”

“அப்ப எழுதுனத மாத்து.”

“எழுதி எவ்ளோ நாளாச்சு. லைக்கெல்லாம் உழுந்துடுச்சி.”

இந்த நியாயத்தைக் கேட்டுவிட்டுச் சங்கீதா அடுப்படிக்குப் போனாள். செங்குட்டுவன் டீச்சருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். வணக்கத்தில் ஆரம்பித்து, உடல்நலம் விசாரித்து, சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்: சந்திப்பில் தன்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம். டீச்சரிடமிருந்து ஒரே சொல்லில் பதில் வந்தது. ‘சரிங்க.’

சந்திப்பு ஒரு சமூகக் கூடத்தில், சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது. புதுச் சட்டையில் போன செங்குட்டுவனை வைத்திலிங்கம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டீச்சர் முன்னால் நிறுத்தினார். “மேடம், இவருதான் செங்குட்டுவன். யார்கிட்டயும் படிக்காதவரு.”

டீச்சருக்குத் தலை நரைத்திருந்தது. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை மட்டும் அப்படியே இருந்தது.

“அப்படீங்களா? ரொம்ப சந்தோஷம். நீங்க எந்த பிளாக்குங்க?”

முன்பின் பார்த்திராத ஆளிடம் கேட்கிற மரியாதையோடுதான் கேட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். செங்குட்டுவன் கேட்டது அதைத்தானே? கேட்டது கிடைத்துவிட்டது. கையை எடுத்தாலும் நிற்காது என்று நம்பச் சொன்ன ஆள், தன்னை யாரோ என்று பார்த்துவிட்டார். வலித்தது. பிளாக் நம்பரைத் தப்பாகச் சொன்னார்.

ஆனால் மைக்கைக் கையில் பிடித்ததும் இனத்துக்கே உரிய தைரியம் திரும்பிவிட்டது. “நண்பர்களே, எனக்குக் குருன்னு யாருமில்ல. ஒரு பழைய கம்ப்யூட்டரு, நான், ரெண்டே பேருதான். யாரும் சொல்லித்தராமலே...” என்று கதை சூடுபிடிக்கிற நேரத்தில், கூடத்தின் பின்பக்கம் டீ போடுகிறவர் பெரிய மின்சாரக் கொதிகலனைச் சொருகினார்.

விளக்குகள் ஒரு சிமிட்டு சிமிட்டின.

செங்குட்டுவனின் இடது கை மேசை மேல் டப்பென்று விழுந்தது. சுண்டுவிரல், மோதிர விரல். மேசையில் கீபோர்டு இல்லை, சேவ் செய்யவும் ஒன்றுமில்லை. ஆனால் கைக்கு அது தெரியுமா? அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் பாதிக்கு மேல் இடது கைகள் முழங்காலில் கிடந்தன. ‘அனுபவம்’ முழங்காலை அழுத்தியிருந்தார். ‘வாழ்க்கை’ முன் நாற்காலியின் முதுகை அழுத்தியிருந்தார். ‘தேடல்’ வைத்திலிங்கம், இரண்டு விரலையும் தன் தொந்தி மேல் ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கரண்ட் போயிற்று. மின்விசிறிகள் சுழன்று நின்றன.

“என்ன சார், எல்லாரும் ஒண்ணாத் தட்டுறீங்க?” என்று கேட்டாள் எழில்மதி. 

சந்திரகலா டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கன்னு ஒருத்தர் கேட்டா சரின்னு சொல்லலாம். இத்தனை பேரு தனித்தனியா மெசேஜ் போட்டா நான் என்னங்க பண்றது?” என்றார். அதற்குள் டீக்காரர் எதையோ தட்டிக் கொட்டி கரண்டை வரவழைத்துவிட்டார். விளக்கு எரிந்ததும், வேண்டுமென்றோ பழக்கதோஷமோ, டீச்சர் வாயில் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

“யாரு யாருங்க சேவ் பண்ணீங்க?”

முதலில் உயர்ந்தது செங்குட்டுவனின் கை. மைக் பிடித்த கை. மைக்கையும் சேர்த்தே தூக்கிவிட்டார். “பண்ணிட்டேன் டீச்சர்,” என்று அவர் சொன்னது மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரை கேட்டது.  அதற்குப் பிறகு கூடம் முழுக்கக் கைகள். வைத்திலிங்கத்தின் கை கடைசியாக, காதுவரைக்கும்தான், ஆனாலும் உயர்ந்தது.

அன்றிலிருந்து அவர் திருந்திவிட்டார் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். முகநூலில் ‘குரு இல்லை’யை அழித்துவிட்டு ‘சந்திரகலா டீச்சர் மாணவன்’ என்று எழுதியது வாஸ்தவம். முகப்புப் படத்தில் பெயர் மாறியதும் வாஸ்தவம். எழில்மதியின் எம்.சி.ஏ.கூடத் திரும்பி வந்தது. ஆனால் போன வாரம் யாரோ ஒருவர் நல்ல டீச்சராக ஒருவரைச் சொல்லுங்கள் என்று குழுவில் கேட்டதற்கு, இப்போது அட்மினாக இருக்கும் செங்குட்டுவன் எழுதிய பதிலைப் பாருங்கள். “சந்திரகலா டீச்சரிடம் போங்கள் நண்பரே. அவரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத் தேடிக் கண்டுபிடித்ததுதான்.”

சிரிக்கிறீர்கள். இப்படி ஒருவரை எனக்கும் தெரியும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் தயாராகிவிட்டீர்கள். சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. இத்தனை தூரம் தடங்கல் இல்லாமல் வாசித்துக்கொண்டு வந்தீர்களே, உங்களுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்த ஒன்றாம் வகுப்பு டீச்சரின் பெயர் என்ன? முகம் தெரிகிறது, புடவை தெரிகிறது, பெயர் மட்டும் வரவில்லையா? பரவாயில்லை, வாருங்கள். செங்குட்டுவன் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.