பினாங்குக்குப் போன நாற்காலி

நாம் அழகாக இருக்கிறோம் என்ற நினைப்பு பத்தொன்பது வயதில் எல்லாருக்கும் வரும். எனக்குக் கொஞ்சம் முற்றிய நிலையில் வந்தது.

அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்த சமயம். மச்சான் பினாங்கில்; மகன் முகத்தைப் பார்த்ததில்லை. திருமயத்துக்காரர் ஒருவர் அந்த வாரம் கப்பலேறுகிறார், அவரிடம் ஒரு போட்டோ கொடுத்தனுப்ப வேண்டும் என்று அக்கா துடித்தாள். புதுக்கோட்டை ஸ்டூடியோவுக்குக் கிளம்பினோம். தாய்மாமன் மடியில் பிள்ளை இருப்பதுபோல் படம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். (பிள்ளையும் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற பெருந்தன்மைதான்.) ஒரு பக்கம் மட்டும் முளைத்திருந்த மீசையை வழித்துவிட்டுப் பவுடரை அப்பிக்கொண்டேன். அக்கா பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

"எனக்கும் ஒண்ணு வையிக்கா. ஊரு கண்ணு பொல்லாதது."

வைத்தாள்.

ஸ்டூடியோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ள மட்டும் விழுந்தாப் போதும் தம்பி. நீங்க இந்தப் போர்வைய மூடிக்கிட்டு உக்காந்து புள்ளையப் புடிங்க. பாக்குறவங்களுக்கு நாற்காலியாத்தான் தெரியணும்."

"அப்ப நான்?"

"நாற்காலி பேசக் கூடாதுங்க."

பவுடரும் பொட்டுமாகப் போர்வைக்குள் போனேன். அக்கா கிலுகிலுப்பை ஆட்டிப் பிள்ளையின் அழுகையை அடக்கினாள். "அசையாதீங்க" என்று அவர் சொன்ன நேரம் பார்த்து மருமகன் என் மடியை நனைத்தான். வெதுவெதுப்பு தொடையில் இறங்க, நாற்காலி வாயைப் பிளந்துகொண்டு தலையை வெளியே நீட்டியது; படமும் அப்படியே விழுந்தது. பாரம் இறங்கிய சுகத்தில் பிள்ளை மட்டும் அசையாமல் இருந்தான்.

"பிலிம் இம்புட்டுத்தான் தம்பி. இனி அடுத்த வாரம்தான் வரும்."

கப்பல் காத்திருக்குமா? என்னை வெட்டி எடுக்கலாமென்றால் பிள்ளையின் தலை என் தாடையோடு ஒட்டியிருந்தது.

"அவுக மொதமொதல்ல பாக்குற படம்டா இது" என்று அக்கா அழுதாள். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. வேறு வழியில்லாமல் அதையே கொடுத்தனுப்பினோம்.

மச்சானிடமிருந்து பதில் வந்தது. "மகன் என்னையே உரித்து வைத்திருக்கிறான். படத்தைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குகிறேன். பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் முக்காட்டுப் பொம்பளை யார்? பாவம், பல்வலி போலிருக்கிறது. நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற புண்ணியவதிக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன்."

கடிதத்தைப் படித்து அழுத கண்ணோடு அக்கா சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்தச் சேலையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவள், என் கல்யாணத்தில் சபைக்கு நடுவே எடுத்து, "இது ஒம்புருசனுக்கு வந்தது தாயி" என்று என் மனைவியிடம் நீட்டினாள். கதை முழுவதையும் சொல்லியும்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பேச்சிலாவது நான் நியாயம் சொல்ல வாயைத் திறந்தால், என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"நாற்காலி பேசக் கூடாதுங்க."