தாடி சயாவின் தாடி

யாங்கூனில் கோயிலுக்கு முடி கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். கொடுத்த தாடியைத் திருப்பித் தரச்சொல்லிக் கோயிலுக்கு ஓடியவர் தாடி சயா ஒருவர்தான்.

பிள்ளைகளே, வாத்தியாரை இங்கே சயா என்கிறோம் அல்லவா? அவர் ரசாயன சயா. நான் அவருடைய ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறவன். அவர் வேலை வளையம் கட்டுவது. நீங்கள் கைகோத்து வட்டமாக நிற்பதுபோல் கார்பன் அணுக்கள் நிற்கும். இடையில் ஒரு நைட்ரஜனோ கந்தகமோ புகுந்து கைகோத்துக்கொண்டால் அது பல்லின வளையம். இப்படிப் புதிது புதிதாகக் கட்டினால் ஒன்றாவது கிருமியைக் கொல்லும், வீக்கத்தை வற்றவைக்கும் என்று நம்பினார். கந்தகம் சேர்க்கும் நாளில் அவர்மேல் அடிக்கும் வாடை இருக்கிறதே, இன்சீன் ரயிலில் ஙாப்பி என்கிற நாறும் மீன் விழுதைக் கூடையில் விற்கும் அம்மாவே மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனார்.

நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. வெட்டவே மாட்டார்.

"தம்பி, ஒரு தடவை படிகமான சரக்கோட தூசு இதுல ஒட்டியிருக்கும். குனியறப்ப குடுவைக்குள்ள விழும். அதுதான் விதை. அதைப் பாத்து மத்ததும் படிகமாயிரும்" என்பார்.

ஒருமுறை புதுப் பொடி ஒரு சிட்டிகை கிடைத்தது. அத்தனையையும் கிருமி வளர்த்த தட்டில் வைத்தார். மறுநாள் பொடியைச் சுற்றி ஒரு கிருமிகூட இல்லை. வீட்டில் சொன்னார். அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்தப் பொடி பலிச்சா ஒங்க முடியும் தாடியும் ஆத்தாவுக்குன்னு வேண்டியிருந்தேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விடுவீங்களா?"

மழித்தாயிற்று. அடுத்தது வீக்கத்துக்கான சோதனை. அதற்குக் கூடுதல் பொடி வேண்டும். கையிலிருந்த கடைசி மூலப்பொருளைப் போட்டுச் செய்தார். படிகம் வரவில்லை, தேன்போலக் குழகுழவென்று நின்றது. படிகமானால்தான் சுத்தம் செய்யலாம், சுத்தமானால்தான் சோதிக்கலாம். ஐஸில் வைத்தோம். அப்போதும் தேன்தான்.

"தாடி வேணும் தம்பி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு டாக்சி பிடித்தார்.

கோயில் நாவிதர் முடிக்குவியலைக் காட்டினார். "எல்லாம் ஒண்ணாக் கூட்டியாச்சு சயா. இதுல ஒங்களுது எது?"

"வெள்ளையா இருக்கறதெல்லாம் என்னோடது."

"நேத்து நாலு தாத்தாமாரு வந்தாங்களே."

சயா வெறுங்கையோடு திரும்பினார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை மாத உழைப்பு! எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆணியில் தொங்கிய அவர் கோட்டை எடுத்து உதறப் போனேன். அக்காவைத் துவைக்கவே விடாத கோட்டு. காலரில் நீளமாக ஒரு வெள்ளை முடி.

"உதறாத!"

இடுக்கியால் எடுத்துக் குடுவையில் போட்டார். கண்ணாடிக் குச்சியால் உள்சுவரைக் கீறினார். முதலில் புகைபோல ஒரு கலங்கல். அப்புறம் ஊசி ஊசியாக, வெள்ளை வெளேரென்று படிகம். சயா அப்படியே தரையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கண்ணாடியைக் கீறினாலே படிகம் பிடிக்கும், அதனால் வந்தது என்கிறார்கள் மாணவர்கள். தாடியால் என்கிறார் சயா.

செய்தி கேட்டு அக்கா போனில், "வீக்கச் சோதனைக்கும் வேண்டிக்கட்டுமா?" என்றார்.

"வேண்டிக்கோ. ஆனா ஒன் முடியை."

தாடி இப்போது மறுபடி கழுத்தைத் தாண்டிவிட்டது. மேஜையைத் துடைக்கும்போது ஒரு வெள்ளை முடி கிடந்தால் நான் எறிவதில்லை. சின்னப் புட்டியில் போட்டு மூடிவைக்கிறேன். படிகத்துக்காக என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.