லெட்சுமி அக்காவை நான் விருந்துக்கு அழைத்த கதை

பாதிக்கப்பட்டவர் லெட்சுமி அக்கா. பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து விருந்துக்கு வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. குற்றவாளியை எங்கும் தேட வேண்டாம். நான்தான்.

படிப்பின் கடைசிப் பயிற்சிக்காக ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், கணினிப் பிரிவில் இருக்கிறேன். லெட்சுமி அக்கா அங்கே கேன்டீன் நடத்துகிறார்.

எனக்குக் கொடுத்த வேலை லேசானதுதான். லீவு, சம்பளச் சீட்டு, சாப்பாட்டுக் கணக்கு எல்லாவற்றுக்கும் கம்பெனியில் ஒரே இணையத்தளம். அச்சு அசலாக அதே மாதிரி ஒரு போலித் தளம் செய்து, மெயிலில் அனுப்பி, யார் யார் பாஸ்வர்டைத் தட்டி ஏமாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். திருடன் வருவதற்கு முன் நாமே திருடிப் பார்ப்பது.

என் மேலதிகாரி சிவநேசன் சார் ஒரு மெயில் எழுதிக் கொடுத்தார். உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே உள்ளே வாருங்கள் என்று. அனுப்பினேன். ஒருவர்கூடச் சிக்கவில்லை.

நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்று சார் பூரித்துப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உஷாரா இருக்காங்கன்னு யாரு சொன்னா சார்? ஆபீஸ் மெயில யாருமே படிக்கறதில்ல."

அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் நீயே எழுதிக்கொள், வெள்ளிக்கிழமை வரை இது சோதனை என்று மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு, தைப்பிங்கில் ஏதோ வேலையென்று கிளம்பிவிட்டார்.

எழுதினேன். தீபாவளி முடிந்து இரண்டு வாரம். நிர்வாகத்தின் தீபாவளி ரூமா தெர்புகா, புதன்கிழமை மதியம், கேன்டீனில் திறந்த விருந்து, எல்லாரும் வரலாம், வாழையிலைச் சாப்பாடு, ஆட்டிறைச்சிப் பிரட்டல். பெயர் பதிய இங்கே பாஸ்வர்டைப் போடவும். படித்துப் பார்த்தபோது எனக்கே பசித்தது. பாயசத்தையும் சேர்த்தேன்.

சாயங்காலத்துக்குள் பாதித் தொழிற்சாலை சிக்கிவிட்டது. கிடங்கு சூப்பர்வைசர் பாஸ்வர்டோடு நிற்காமல், தனக்கு ஆடு ஆகாது, கோழி இருக்குமா என்று தனியாகவும் மெயில் போட்டிருந்தார். நான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

கூப்பிட்டால் ஆட்கள் வருவார்கள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

புதன்கிழமை மதியம், காலை ஷிப்ட் ஆட்கள் மொத்தமும் கேன்டீனில். மலாய் அக்காமார் புது பாஜு கூரோங் உடையில். கமுந்திங் கிளையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், கையில் பழக்கூடையோடு. கையோடு கையாக எனக்கும் ஒருவர் தீபாவளி வாழ்த்துச் சொன்னார்.

சமையலறைக் கதவு பூட்டியிருந்தது. மேலே அக்காவின் கையெழுத்தில் ஓர் அட்டை: இன்று சமையல் இல்லை, ரூமா தெர்புகா.

எத்தனை பேருக்குச் சோறு என்று அந்தக் கம்பெனித் தளத்தில்தான் அக்கா தினமும் பார்ப்பார். அவருக்கும் மெயில் போயிருக்கிறது. அவரும் பாஸ்வர்டைத் தட்டியிருக்கிறார். சாப்பாடு வெளியிலிருந்து வரும் என்று நம்பி அடுப்புக்கு லீவு கொடுத்துவிட்டு, முதல் மேசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார்.

வேறு வழியில்லை. நாற்காலி மேல் ஏறி, இது பாதுகாப்புச் சோதனை, மெயில் பொய், எல்லாரும் பாஸ்வர்டை மாற்றுங்கள் என்று ஒரு குட்டிச் சொற்பொழிவு ஆற்றினேன். பிறகு பின்னாலிருந்து கிடங்கு சூப்பர்வைசர் கேட்டார்.

"அதெல்லாம் சரி தங்கச்சி. கோழி எங்க?"

அன்றைக்குத் தொழிற்சாலை முழுக்க பிஸ்கட்டும் கப் மீ நூடுல்ஸும்தான். பழக்கூடையைக் கமுந்திங்காரர்கள் தாங்களே பிரித்துச் சாப்பிட்டார்கள்.

திரும்பி வந்த சார், சோதனை அருமை என்றார். ஆனால் அக்கா மனம் ஆறினால்தான் என் பயிற்சிப் பாரத்தில் கையெழுத்தாம். கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை.

போனேன். அக்கா நிமிராமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. நீங்களும் தள முகவரியைப் பார்த்திருக்க வேண்டாமா, இனிப்பாக யார் கூப்பிட்டாலும் சந்தேகப்பட வேண்டாமா என்று ஆரம்பித்தேன்.

இத்தனை வருஷமாக எல்லாருக்கும் சோறு போடுகிறேன், நீ உட்கார்ந்து சாப்பிடு என்று இங்கே யாரும் சொன்னதில்லை, அதனால்தான் எதையும் பார்க்கவில்லை என்றார் அக்கா, சாதாரணமாக.

வாழ்க்கையில் முதல் தடவையாக வாதத்தைப் பாதியில் விட்டேன். மெல்ல, மன்னித்துவிடுங்கள், நான் இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"பாஸ்வர்ட அன்னிக்கே மாத்திட்டேன் லா. எல எப்ப போடுற, அதச் சொல்லு."