நடந்தே வந்த தலைவர்

கணினி நிறுவனங்களின் உச்சாணிக் கிளையில் ஓர் இனம் வாழ்கிறது. நடந்தே வந்தவர் என்று அதற்குப் பெயர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெங்களூரில் பதினாறாவது மாடியில் அறை, அமெரிக்காவில் வீடு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு முதுகுவலி என்று எல்லாம் சம்பாதித்த பிறகும், மேடை ஏறினால் அவர் சொல்வது ஒரே சாதனைதான்: பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனது.

திருச்சுழிக்காரரான ஜெகதீஸ்வரன் இந்த இனத்தில் முற்றிய ரகம். சொந்த மண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று தன் நிறுவனத்துக்கு அருப்புக்கோட்டையில் ஒரு கிளை திறந்தார். அவர் பள்ளிக்கு நடந்த தூரம் அருப்புக்கோட்டையில் பேசினால் நாலு மைல்; பெங்களூரில் எட்டு; அமெரிக்காவில் வழியில் பாம்பும் உண்டு.

ஆட்களை நடத்துவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. "இங்க பெரியவன் சின்னவன் கிடையாது. எல்லாரும் ஒரே குடும்பம். என்னை ஜெகன்னே கூப்பிடுங்க."

"சரிங்க சார்" என்றது குடும்பம்.

அந்தக் குடும்பம் தினமும் மாலை ஆறு மணிக்கு வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும். அவர் பேசுவார். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். செல்வலட்சுமிக்கு மட்டும் கொட்டாவி வராது; அவளுக்குக் கண் கடிகாரத்தில். திருச்சுழி பஸ் ஆறரைக்குப் போய்விடும், அடுத்தது ஒன்பதுக்கு. அவளுடைய அப்பா சங்கையா முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் பாப்பேன். இன்னமும் ராத்திரி பத்து மணிக்கு வந்து எறங்குனா, வேலைய விட்டுரு."

ஒருநாள் துணிந்து கேட்டாள். "கூட்டத்தக் கொஞ்சம் முன்னாடி வச்சா எனக்குப் பஸ்ஸு கெடைக்கும் சார்."

ஜெகதீஸ்வரன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அப்படிச் சாய்க்க சிங்கப்பூரில் பயிற்சி எடுத்தவர் அவர். "உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. நான் பஸ்ஸையே பாக்காம வளந்தவன்."

புரிந்ததோடு சரி. கூட்டம் ஆறு மணிக்கே நடந்தது. கூடவே ஓர் அறிவிப்பு: சனிக்கிழமை மொத்த அலுவலகமும் திருச்சுழிக்கு நடக்கும். "பஸ்ஸு பஸ்ஸுங்கிறீங்க. நடந்து பாருங்க. தலைமைப் பண்பு தானா வரும்."

சனிக்கிழமை காலை வெள்ளைத் தொப்பிகள் கிளம்பின. அச்சாகி வர வேண்டிய பேனர் தாமதமானதால், அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் முந்திப்போய்க் கட்டும் வேலை செல்வலட்சுமிக்கு. பாதி வழியில், சீமைக்கருவேல நிழலில் நின்ற ஒருவர் பஸ்ஸுக்குக் கை காட்டினார். தொப்பி கால்சட்டைப் பைக்குள் இருந்தது. ஜெகதீஸ்வரன்தான். அமெரிக்காவிலிருந்து போன் என்று சொல்லி மற்றவர்களை முன்னால் அனுப்பியிருந்தார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பின் சீட்டில் இருந்த அவளைப் பார்த்தார்.

"கால்ல லேசா சுளுக்கும்மா."

"எந்தக் கால்ல சார்?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டுலயும்."

அதற்குள் முன்னால் ரோட்டோரமாகப் போகும் தொப்பிகள் தெரிந்தன. "சார், நம்மாளுக."

அவர் சீட்டுக்கு அடியில் சரிந்தார். "அத மேல போடும்மா." செல்வலட்சுமி பேனரை விரித்து அவரை மூடினாள். 'நடந்தே வந்தோம்' என்ற பெரிய எழுத்துகள் அவர் முதுகின்மேல் படிந்தன. அந்நேரம் பார்த்து ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வர, பஸ் தொப்பிகளுக்குப் பக்கத்திலேயே நின்றது.

"போயிட்டாங்களா?"

"இல்ல சார். மணிகண்டன் அண்ணன் இங்கனதான் பாக்காரு." கொஞ்சம் பொறுத்து, "சார், அந்த ஆறு மணிக் கூட்டம்..." என்றாள்.

இந்த நிலையில் தலையைச் சாய்க்க சிங்கப்பூரில் சொல்லித்தரவில்லை.

"மூணு மணிக்கு வச்சுக்கலாம்" என்றது பேனர்.

"தெனமுமா சார்?"

"தெனமும்."

"ஆடு போயிருச்சு சார்."

ஊருக்குச் சற்று முன்னால் இறங்கி, முகம் கழுவி, தொப்பியை மாட்டிக்கொண்டு, வெந்து வந்த குடும்பத்தை அவரே வரவேற்றார். "குறுக்குப் பாதையில வந்து முந்திட்டேன். தலைவன்னா முன்னாடி நடக்கணும்" என்றார். எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியது செல்வலட்சுமி.

பெரிய இடத்துச் சமாச்சாரம், நமக்கென்ன என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் வீட்டில் பிள்ளை ஸ்கூட்டர் கேட்டபோது, "நாங்கள்லாம் அந்தக் காலத்துல..." என்று தொடங்கினீர்களே, எத்தனை மைல் சொன்னீர்கள்? போன வருடம் எத்தனை? அடுத்த முறை தொடங்குமுன், பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.