பளிங்குக் குண்டு பாஸ் செய்த மாத்திரை உறை

அச்சகத்தின் வாசலில் காலை எட்டு மணிக்கே வரிசை. சுவரொட்டிக்காரர், பலகை எழுதுகிறவர், பாடப்புத்தகம் போடுகிறவர் என்று எல்லார் கையிலும் சுருட்டிய தாள். உள்ளே வண்ணஞானி எழுந்தருளியிருக்கிறார்! நூலில் தொங்கும் பளிங்குக் குண்டைத் தாளின்மேல் பிடிப்பார். குண்டு சுற்றினால், நிறம் பிரித்தறிய முடியாதவர் உட்பட உலகத்து அத்தனை கண்ணுக்கும் அந்தத் தாளில் உள்ளது பளிச்சென்று தெரியுமாம். நிறம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கிற சிரமமே இல்லை. எவ்வளவு சௌகரியம்!

அங்கே வடிவமைப்பு செய்யும் பெண்ணுக்கு மட்டும் குண்டின்மேல் நம்பிக்கை இல்லை. அவள் மேசையில் கிடந்தவை இதய நோயாளிகளுக்கான இரண்டு மாத்திரை உறைகள். தினமும் போடுவது பச்சை. நெஞ்சு வலித்தால் மட்டும் போடுவது சிவப்பு. மற்றபடி இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். மருந்தின் பெயர்கூட எறும்பு ஊர்ந்த மாதிரி மூலையில்.

"நிறத்தை மட்டும் நம்பக் கூடாது சார்" என்றாள்.

"குண்டு சுத்திடுச்சும்மா. இன்னும் என்ன?" என்றார் முதலாளி.

அவள் வாதாடவில்லை. ஒரு கவரை ஒட்டி ஞானியின் முன்னால் வைத்தாள். "இதையும் பாத்துச் சொல்லுங்க சாமி. பிரிக்காம."

குண்டு ஆனந்தமாகச் சுற்றியது. "பிரமாதம்! எல்லாக் கண்ணுக்கும் தெரியும்."

கவரைக் கிழித்தாள். உள்ளே வெள்ளைத் தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஞானி நூலைச் சுருட்டினார். "நம்பிக்கை இல்லாத இடத்துல கல்லு குழம்பும்."

அவள் இரண்டு உறைகளையும் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து நீட்டினாள். "சார், இதுல நெஞ்சு வலிக்குப் போடுறது எது?"

முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். இரண்டும் ஒரே சாம்பல்.

அப்போது தாள் வெட்டும் இயந்திரத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். பதினொரு வருடமாக அங்கே வேலை. நகலைப் பார்க்கவில்லை, அசல் உறைகளைத்தான் கையில் எடுத்தார்.

"எனக்கு இதுவே அப்படித்தான் சார் தெரியுது. ரெண்டும் ஒரே பழுப்பு. வேலை போயிடும்னு வெளிய சொல்லல."

முதலாளி அவரைப் பார்த்தார், உறைகளைப் பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?"

"யாரு சார் கேட்டாங்க? கல்லைத்தானே கேட்டீங்க."

மதியத்துக்குள் வலிக்குப் போடும் உறையில் தடித்த கோடுகளும் 'வலிக்கு மட்டும்' என்ற கொட்டை எழுத்தும் ஏறின. வெட்டுக்காரர் எட்ட நின்றே சரியாகக் காட்டினார். அடுத்து அச்சேற வேண்டிய உறையையும் முதலாளி அவரிடமே நீட்டினார்.

ஞானி அடுத்த தெரு அச்சகத்துக்குப் போய்விட்டார். அங்கேயும் வரிசை நிற்கிறதாம். நிறம் தெரியாதவருக்குக் கோடு போட்டுக் காட்டிவிடலாம். கண்ணெதிரே வெள்ளைத் தாளைக் கிழித்துக் காட்டிய பிறகும் குண்டின் பின்னால் ஓடுகிறவருக்கு எதைப் போட்டுக் காட்டுவது? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். யோசிப்பதற்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.