அவரைப் பந்தலுக்குள் ஒரு ஸ்டேஷன்

அல்சூர், பெங்களூர்
5 டிசம்பர் 1936

மஹாராஜராஜஸ்ரீ ஆம்ப்ரோஸ் மச்சான் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை ஜோசஃபினின் கணவனும் ஓய்வு பெற்ற வக்கீலுமாகிய அலெக்சாண்டர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இவ்விடம் யாவரும் சௌக்கியம். இவ்வாக்கியம் கீழே வரும் விவரங்களுக்கு உட்பட்டது. அவ்விடத்திலும் அவ்வாறே என்று, மாறான தகவல் வரும்வரை, நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மைசூர்ப் பாதையில் மாமா அவர்கள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, அதன் ஒரு பகுதியிலேயே குடியிருந்த அந்தச் சிறு ஸ்டேஷனை இடித்துவிட்டுப் புதிது கட்டுகிறார்கள் என்று தாங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அதை ஜோசஃபினுக்கு வாசித்துக் காட்டினேன். “சமையக்கட்டு ஜன்னலும் போச்சா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு அவரைப் பந்தலுக்குத் தண்ணீர் விடப் போனவள், தண்ணீர் விடுவதற்குத் தேவையானதைவிட அதிக நேரம் அங்கேயே நின்றாள். பிறந்து வளர்ந்த இடத்தை ஒருமுறை பார்த்துவர வேண்டும் என்று அவள் வெகுநாளாகச் சொல்லிவந்ததும், முழங்கால் வலி அதற்கு இடம் கொடுக்காததும் தாங்கள் அறிந்ததே. இந்நிலையில் சீமைக்குத் திரும்பும் ஓர் அதிகாரியின் சாமான்கள் கன்டோன்மென்ட்டில் ஏலத்துக்கு வந்தன. புத்தக அலமாரி ஒன்றைக் கருதிச் சென்ற நான், சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை இஞ்சின், நான்கு பெட்டிகள், ஒரு கட்டுத் தண்டவாளம் ஆகியவற்றுடன் வீடு திரும்பினேன். அந்த ஸ்டேஷனை நம் தோட்டத்திலேயே எழுப்ப வேண்டும். கிறிஸ்மஸுக்குள் ஜோசஃபின் அதைப் பார்த்து, ‘இது அப்பா ஸ்டேஷன்’ என்று தானாகச் சொல்ல வேண்டும். என் கோரிக்கை இவ்வளவே. மற்றவை யாவும் இடையூறுகள்.

பாதையை வாசல் கேட்டில் தொடங்கி, கிணற்றைச் சுற்றி, அவரைப் பந்தலை ஊடுருவிக் கொய்யா மரத்தடியில் முடிப்பதாகத் திட்டமிட்டேன். சொந்தத் தோட்டமே ஆயினும், ஒருவருடைய அனுபோகத்திலுள்ள நிலத்தை முன்னறிவிப்பின்றி எடுப்பது முறையல்ல. ஆகவே ஆட்சேபணைகளை வரவேற்று ஓர் அறிவிப்பு எழுதிப் பந்தல் காலில் ஒட்டினேன். மறுநாள் அது விதை அவரையைப் பொட்டலம் கட்டப் பயன்பட்டிருந்தது.

“என்னாங்க, காப்பி குடிக்கிறப்பவே என்னாண்ட கேட்டிருக்கலாமே. இதுக்கு எதுக்குக் காயிதம்?” என்றாள் ஜோசஃபின்.

“வாய்மொழி ஆட்சேபணை பதிவில் ஏறாது” என்றேன்.

“அப்ப ஏத்திக்குங்க. அவரைக்காய் சீசன்ல பந்தலைப் பிரிக்கிறவன் பெங்களூர்ல இருக்கவே லாயக்கில்ல.”

ஆட்சேபணை ஏற்கப்பட்டது. பந்தலைத் தொடாமல், அதன் கால்களுக்கு இடையே வளைந்து வளைந்து பாதை போட்டதில், வண்டி ஒவ்வொரு வளைவிலும் கவிழ்ந்தது. விபத்துகளைத் தவிர்க்கும் பொருட்டுக் கேட்டருகே ஒரு கைகாட்டி நிறுத்தினேன். அதன் கை நீண்டிருக்கும்போது எவரும் தோட்டத்துப் பாதையில் கால் வைக்கலாகாது என்று பால்காரர் முனியப்பாவுக்கும் விளக்கினேன். இதில் என் கவனக்குறைவு ஏதேனும் உண்டென்றால், அன்றிரவு கையை இறக்காமல் உறங்கப் போனது ஒன்றே. விடிந்து வெகு நேரமாகியும் பால் வரவில்லை. வெளியே சென்று பார்த்தால் கேட்டுக்கு அப்பால் முனியப்பாவும் பசுவும் நிற்கிறார்கள். “சாமி, கை நீட்டிகினு கீதே, எப்டி வர்றது? நான் வந்துடுவேன், மாட்டுக்குத்தான் பயம்” என்கிறார் அவர். சட்டத்தை இவ்வளவு மதித்த ஒருவரை என் தொழிலில் நான் கண்டதில்லை. ஆனால் அன்று காப்பி இல்லை. “உங்க கையா, அந்தக் கையா, ரெண்டுல ஒண்ணை முறிச்சிடுவேன்” என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அதை மிரட்டலாகக் கருதாமல் கருத்தாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்ததாக, பக்கத்து வீட்டு ஃபாத்திமா பீயின் கோழி ஒன்று சுவர் தாண்டி வந்து, கூரையில்லாத சரக்குப் பெட்டியில் அமர்ந்து முட்டையிட்டுவிட்டது. முட்டை யாருக்குச் சேரும் என்ற பிரச்சினை எழாதிருக்க, அதை உடனே கொண்டுபோய் ஒப்படைத்தேன். “அரே வக்கீல் சாப், எங்க கோழி டிக்கெட் இல்லாம ஏறிச்சா? இந்த முட்டையே டிக்கெட்டுன்னு வச்சிக்கோ” என்று அந்தம்மாள் திருப்பித் தந்தார். மறுத்தேன். வற்புறுத்தினார். வாதங்கள் முடிவதற்குள் முட்டை சுவரிலிருந்து விழுந்து பிரச்சினையைத் தீர்த்தது.

பிறகு செங்கல்லும் பிஸ்கட் டின் தகரமும் கொண்டு ஸ்டேஷனைக் கட்டினேன். ஜோசஃபின் பின்வாசலில் முக்காலி போட்டு அமர்ந்து பார்த்தாள். “இது ஸ்டேஷனா? கோர்ட்டு மாதிரி இருக்குது” என்றாள். கட்டடத்தின் ஜன்னல்கள் எத்தனை, கதவு எப்பக்கம், புங்கமரம் எங்கே நின்றது என்பவை எனக்குத் திட்டமாக நினைவில்லை, இதை மறைக்கவில்லை. ஆனால் பிளாட்பாரத்தில் இருந்த பிரயாணிகளுக்கான விதிமுறைப் பலகையை மட்டும் முதல் விதி முதல் ஏழாம் விதி வரை ஓர் எழுத்தும் பிசகாமல் தகரத்தில் எழுதி நாட்டியிருக்கிறேன். அதற்குரிய பாராட்டு கிடைக்கவில்லை. மாறாக, பழைய வழக்கு ஒன்று மறுபடி கிளம்பியது.

இளம் வக்கீலாக மைசூருக்குச் சென்றுகொண்டிருந்த நான், இஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்ற அவகாசத்தில் அந்த ஸ்டேஷனில் இறங்கினேன். வண்டி மணியடிக்காமல், நேரத்துக்கு முன்பே, என் கட்சிக்காரரின் கேஸ் கட்டுடன் புறப்பட்டுவிட்டது. இது என் தரப்பு. மணி இரண்டு முறை அடித்தது என்றும், சமையலறை ஜன்னலிலிருந்து தானும் கூப்பிட்டதாகவும், நான் திரும்பவேயில்லை என்றும் ஜோசஃபின் சொல்கிறாள். இத்தனை வருஷங்களாகச் சொல்லிவருகிறாள். அன்றிரவு மாமா அவர்கள் தம் வீட்டிலேயே தங்கவைத்துக் கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டார்கள். நிலக்கரிப் புகையும், தண்ணீர் தெளித்த குரோட்டன்ஸ் செடிகளின் ஈர வாசனையும், உள்ளே விளக்கைத் தூண்டிய கையின் வளையல் சத்தமும் இன்றும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. காலையில் அடுத்த வண்டி வந்தபோது ஏறுவதற்கு எனக்கு மனமில்லாதிருந்தது என்பது இவ்வழக்குக்குச் சம்பந்தமற்ற விஷயம்.

அன்று அப்பாவுக்கு உதவியாக நின்று மணியடிக்க வேண்டியிருந்தவர் தாங்கள். எனவே தங்கள் சாட்சியத்தைப் பாரபட்சமுள்ளதென்று தள்ள எனக்கு உரிமை உண்டு. வேறு சாட்சி உயிரோடு இல்லாமையால் அந்த உரிமையைக் கைவிடுகிறேன். மணி அடித்தீர்களா, புங்கமரம் எப்பக்கம் இருந்தது என்ற இரண்டையும் தங்கள் கைப்படத் தெளிவாக எழுதி அனுப்பக் கோருகிறேன். இனி, பிளாட்பாரத்தில் எனக்குப் பதிலாக நான் வைத்துள்ள களிமண் பிரயாணி ஏறி அமரும் வரை நம் தோட்டத்து வண்டி புறப்படாது. காலம் கடந்தாயினும் நீதி கிடைக்கட்டும்.

சர்வேசுரன் தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் சுகமும் சமாதானமும் அருள, தேவமாதா துணை நிற்க வேண்டுகிறேன். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் பணிவுமுள்ள
அலெக்சாண்டர்

பின்குறிப்பு: எதிர்த்தரப்பின் கூற்றைச் சரியாகப் பதிந்திருக்கிறேனா என்று உறுதி செய்துகொள்ள, உறை ஒட்டுமுன் இக்கடிதத்தை ஜோசஃபினுக்கு வாசித்தேன். பலகையைப் பற்றிய இடத்தில் நிறுத்தச் சொன்னாள். “அதுல என்ன எழுதியிருந்துச்சு, சொல்லுங்க” என்றாள். ஏழு விதிகளையும் ஒப்பித்தேன். “ஜன்னல் எந்தப் பக்கம்?” என்றாள். “இடம்” என்றேன், பிறகு “வலம்” என்று திருத்தினேன். “படிச்சிகினு இருந்தீங்க. மணியும் கேக்கல, நான் கூப்பிட்டதும் கேக்கல.”

யோசித்துப் பார்த்ததில் வழக்கை வாபஸ் பெறுகிறேன். தாங்கள் சாட்சியம் அனுப்ப வேண்டாம். கிறிஸ்மஸுக்கு நேரில் வரவும். அவளே முழங்காலைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கி, பந்தலில் ஒரு காலைப் பிடுங்கச் சொல்லி, ஸ்டேஷனைத் திருப்பி வைத்து, ஜன்னல் இருந்த இடத்தைக் கரியால் கோடு போட்டுக் காட்டினாள். வெட்டித் திறந்தேன். குனிந்து அதன் வழியாகப் பிளாட்பாரத்தைப் பார்த்தவள், “இப்பதான் அப்பா ஸ்டேஷன்” என்றாள். நான் அந்தக் களிமண் பிரயாணியை எடுத்து வண்டியில் வைக்கப் போனேன். அவள் பிடுங்கி, பலகையைப் பார்த்தபடி, முதுகு வண்டிப் பக்கமாக, பசை தடவி ஒட்டிவிட்டாள்.

“அந்த ஆளை ஏத்தாதீங்க. வண்டி போவட்டும். அவரு இங்கயே நிக்கட்டும்.”