முதுகைக் காட்டிய சிக்னல் அண்ணன்

திருவொற்றியூரில் வாயைத் திறக்காமலே ஒரு தெருவை ஆட்டிவைத்த ஒரே ஆள் எங்கள் சிக்னல் அண்ணன்தான். சொந்தப் பேர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். துறைமுகத்தில் கீழே நின்றுகொண்டு, மேலே கிரேனில் உட்கார்ந்திருப்பவருக்குக் கை காட்டுவது அவர் வேலை. விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. முஷ்டி பிடித்தால் நிறுத்து. அந்த இரைச்சலில் கத்தி என்ன பிரயோஜனம்? அதனால் மனுஷன் தெருவிலும் கத்துவதில்லை. டீக்கடையில் விரல் அசையும், டீ வரும். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு நேரே நின்று, லேசா இடது, இன்னும் இறக்கு, நிறுத்து என்று சைகையிலேயே தாலி கட்டவைத்தார். ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் தூங்க வேண்டியதுதானே? மாட்டார். காலி அட்டைப்பெட்டிகளைத் தெருவில் பரப்பி, ரெண்டு மூணு வயசு வாண்டுகளைக் கூட்டிக் கண்டெய்னர் அடுக்குவார். விரல் மேலே போனால் பெட்டியைத் தூக்கணும். முஷ்டி என்றால் அப்படியே நிற்கணும், மூக்கு அரித்தாலும் சொறியக்கூடாது. வீட்டில் ஒரு நிமிஷம் உட்காராத பிசாசுகள் அங்கே மூச்சுவிடாமல் நிற்கும். மார்கழிப் பனியில் கடல் பக்கத்துக் கிரேன்கள் பாதி கரைந்து போயிருக்கும். இந்தச் சின்னக் கைகள் அந்த வெள்ளைக்குள் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். காபி டம்ளரோடு வாசலில் நிற்கிற எனக்கு, இன்னும் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லையோ என்று தோன்றும்.

ஒருநாள் ஒரு பொடிசு தன் வீட்டு வாசற்படியில் நின்று தண்ணி லாரிக்கு முஷ்டி காட்டிவிட்டது. டிரைவர் முன்னாளில் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவர். கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. பொடிசு இட்லி சாப்பிட உள்ளே போய்விட்டது. லாரி அங்கேயே நிற்கிறது.

"இன்னா நைனா, போலாமா வாணாமா?" என்று டிரைவர் லாரி ஜன்னல் வழியே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எல்லாம் சிரிப்புத்தான், என் மகள் யமுனா அந்தக் கூட்டத்தில் சேருகிறவரை. ரெண்டே முக்கால் வயசு, ஒரு வார்த்தை கிடையாது. காது நன்றாகக் கேட்கிறது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். தொண்டை வறளப் பேசினேன். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. சிக்னல் அண்ணனிடம் போன பதினைந்தே நாளில் விரலைச் சுழற்றினாள், தூக்கினேன். முஷ்டி காட்டினாள், சோற்றுக் கையை நிறுத்தினேன். ரெண்டு நாள் பூரித்துப் போனேன். மூணாம் நாள்தான் உறைத்தது. கையாலேயே எல்லாம் நடந்துவிட்டால் இவள் எதற்கு வாயைத் திறப்பாள்?

பிள்ளையை இழுத்துக்கொண்டு நேரே சண்டைக்குப் போனேன்.

"ஏண்ணா, உங்களால என் பொண்ணு கடைசி வரைக்கும் பேசவே மாட்டா போலிருக்கே!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாமா இப்டி சொல்லிக்கினு கீற? கை பேசுதுல்ல, வாய் பின்னாலயே வரும்."

"எப்போ வரும்?"

துறைமுகப் பக்கம் கை காட்டினார். "கிரேன்காரனுக்கு நம்ம கை தெரியலன்னு வச்சிக்கோ. இன்னா பண்ணுவோம்? கத்துவோம்ல?"

சட்டென்று முதுகைக் காட்டி நின்றுகொண்டார். யமுனா விரலைச் சுழற்றினாள். அவர் அசையவில்லை. அவள் முன்னால் ஓடினாள்; அவர் இந்தப் பக்கம் திரும்பினார். அவள் இந்தப் பக்கம் வந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். ரெண்டு பேரும் நடுத்தெருவில் பம்பரமாகச் சுற்றுகிறார்கள். எனக்கு அழுகையா சிரிப்பா தெரியவில்லை. யமுனா நின்றாள். முகம் சிவந்தது. காலைத் தரையில் உதைத்தாள்.

"தூக்கு!"

நான் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டேன். கணீரென்று, அண்ணா நகர் வரை கேட்டிருக்கும். ஆனால் அந்த மனுஷன் திரும்பவில்லை.

"அண்ணா, அதான் கேக்குறால்ல, தூக்குங்களேன்!" என்று எழுந்து முன்னால் போனேன். அவர் மீசை வழியாகக் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தபா சொல்லச் சொல்லுமா" என்றார்.

அவள் ஒன்பது தரம் சொன்னாள். அப்புறம்தான் தூக்கினார்.

இப்போது யமுனா வாயை மூடச் சொல்லி நான்தான் கெஞ்சுகிறேன். சாயங்காலம் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது, அந்த இரும்புக்கெல்லாம் நடுவில் பத்திரமாக இருந்துவிட்டு வரணுமே என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொள்கிறேன். என் வீட்டுக்காரருக்குக்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை.